பிஎச் 6.6-இல் நின்றது, மீன்கள் மேலே வந்தன: கொழிஞ்சாம்பாறையில் ஒரு செடித்தொட்டியின் நிகழ்வு ஆய்வு

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். “மச்சான், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ரெண்டு போயிருச்சு. பிஎச் பாத்துட்டேன், 6.6 தான். கேஸ் சரியா இருக்கு. வேற என்னவா இருக்கும்?”

பிஎச் என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண், 7-க்குக் கீழே போகப் போக அமிலம். கேஸ் என்று அவன் சொன்னது, மீன் தொட்டிக்குள் வளரும் செடிகளுக்காக விடும் கார்பன் டை ஆக்சைடு. காற்று மோட்டார் போட்டானா என்று கேட்டேன். போட்டிருந்தான், பலன் இல்லை. கேஸை மூடு, ஃபில்டர் வாயைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குத் தூக்கி நன்றாக அலை எழும்பும்படி விடு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் இருப்பது வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், அதிக தூரமில்லை. போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது நியான் டெட்ராவும் போய்விட்டது. மற்றவை மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன. கேஸை மூடியதும் தெளிகிறது என்றால் ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு அதிகம். அது அங்கேயே தெரிந்துவிட்டது. எப்படி அதிகமானது என்று பிடிக்கத்தான் ஏழெட்டு வாரம் ஆனது.

தொட்டியும் தண்ணீரும்

ஓணம் முடிந்து செப்டம்பரில் வைத்த தொட்டி. நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36. கல்லும் செடியும் போக நிற்கும் தண்ணீர் 54 லிட்டர். அடியில் 9 கிலோ பொடிக்கல். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு, மதியம் ஒரு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் டைமர். விளக்கு மூன்று மணி முதல் பத்து வரை. செடிகளில் முக்கியமானது ரொட்டாலா மக்ராண்ட்ரா, நம் பக்கத்து நீர்நிலைகளுக்கே உரிய சிவப்புச் செடி. பின்னால் ஒரு வரிசை வேலிஸ்னேரியா, ஒரு கட்டையில் பாசி. மீன் 12 நியான் டெட்ரா.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே போதும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டத்தில்தான். அந்த மண்ணுக்கடியில் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கட்டி கிடக்கும், தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டுதான் வரும். மச்சான் வேலைக்குக் கோவை போய் வருகிறவன். அங்கே அவன் சித்தி வீட்டுக் குழாயில் சிறுவாணி வருகிறது. வாரம் ஒரு 20 லிட்டர் கேன் காரில் வந்து இறங்கும். பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கும் அணையிலிருந்து கோவைக்குப் போன தண்ணீர், திரும்பவும் செக்போஸ்ட் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக்கே வந்து சேரும். பக்கத்து வீட்டு மலையாளி அண்ணனுக்கு இது தீராத வேடிக்கை. கேன் இறங்கும்போதெல்லாம் “வெள்ளம் வந்நோ?” என்பார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழும்.

தொட்டியை முதலில் நிரப்பும்போது மட்டும் நாலு பங்கு சிறுவாணி, ஒரு பங்கு போர் என்று கலந்திருந்தான். கணக்குப் போட்டுத்தான் கலந்தான். கேஎச் என்பது தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டின் அளவு. சிறுவாணித் தண்ணீரின் கேஎச் 2 டிகிரி, போர் தண்ணீருக்கு 12. கலந்தால் சரியாக 4 வரும். கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 30 மில்லிகிராம். செடித்தொட்டிக்காரர்கள் எல்லோரும் குறிவைக்கும் இடம். எந்தக் கேஎச்சுக்கு எந்த பிஎச் வந்தால் எவ்வளவு கேஸ் என்று காட்டும் அட்டவணையில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தான். அதற்குப் பிறகு வாராவாரம் 20 லிட்டர் எடுத்து, அதற்குப் பதிலாகச் சிறுவாணி மட்டுமே ஊற்றினான்.

சுவரில் ஒட்டிய கட்டம்

நான் போனவுடன் கேட்டது, “கேஎச் எப்போ பாத்தே?” செப்டம்பரில் பார்த்ததோடு சரி. “அதான் சிறுவாணிதானே மச்சான் ஊத்தறேன். கொறையத்தானே செய்யும்?” நியாயமான கேள்வி. 2 டிகிரி தண்ணீரை வாராவாரம் மாற்றினால் 4 இறங்கி 2-ஐ நோக்கித்தான் போக வேண்டும்.

5 மில்லி தண்ணீர் எடுத்து கேஎச் சொட்டு விட ஆரம்பித்தோம். முதல் சொட்டில் நீலம். நாலாவது சொட்டில் மஞ்சளாகும் என்று அவன் குனிந்து பார்த்தான், நீலம். ஆறு, ஏழு, எட்டு, இன்னும் நீலம். பத்தாவது சொட்டில்தான் குழாய் பளிச்சென்று மஞ்சளானது. மொத்தக் கடினத்தைச் சொல்லும் ஜிஎச் 12-ஆவது சொட்டில் ஆரஞ்சிலிருந்து பச்சையானது. ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்பது சுண்ணாம்புக்கல் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம்.

அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. 7-லிருந்து பிஎச்சைக் கழிக்க வேண்டும், 10-ஐ அந்த எண்ணுக்கு அடுக்கேற்ற வேண்டும், அதைக் கேஎச்சாலும் 3-ஆலும் பெருக்க வேண்டும். பிஎச் 6.6 என்றால் அடுக்கு 0.4, பத்தின் 0.4 அடுக்கு 2.5. கேஎச் 4 ஆக இருந்தால் 3 × 4 × 2.5, அதாவது 30. கேஎச் 10 ஆகிவிட்ட தொட்டியில் அதே பிஎச் 6.6 காட்ட வேண்டுமானால் 3 × 10 × 2.5, 75 மில்லிகிராம்.

இப்போது அவன் நாலு மாதம் செய்ததைப் பாருங்கள். வாராவாரம் பிஎச் பார்ப்பான். 6.7, 6.8 என்று ஏறியிருக்கும். கேஸ் போதவில்லை என்று வால்வைக் கொஞ்சம் திறப்பான், 6.6-க்கு வந்துவிடும். செப்டம்பரில் விநாடிக்கு ஒரு குமிழி, ஜனவரியில் மூன்று. ஒவ்வொரு வாரமும் எண் சரியாக இருந்தது.

தொட்டிக்குள் டிராப் செக்கரும் இருந்தது, அழகாகப் பச்சை காட்டிக்கொண்டு. கேஸ் அளவு சரி என்றால் பச்சை, குறைவென்றால் நீலம், அதிகமென்றால் மஞ்சள். 75-இல் அது மஞ்சளாகியிருக்க வேண்டுமே என்று கழற்றிப் பார்த்தேன். உள்ளே என்ன ஊற்றினாய் என்றதும் தொட்டியைக் காட்டினான். தொட்டித் தண்ணீரையே ஊற்றி, நீலச் சொட்டு மருந்து விட்டிருக்கிறான். உள்ளே இருக்க வேண்டியது கேஎச் 4 என்று உறுதியாகத் தெரிந்த கரைசல். தொட்டியிலிருந்து கேஸ் மட்டும் காற்று இடைவெளி வழியாக அந்தக் கரைசலுக்குள் போகும், அதனால்தான் அதன் நிறம் கேஸைச் சொல்லும். தொட்டித் தண்ணீரையே ஊற்றினால் அது வெறும் பிஎச் பார்க்கும் குப்பி. ஆக இவன் பிஎச்சை இரண்டு இடத்தில் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறான். இந்தத் தப்பை இவனோடு சேர்த்து நாலு பேரிடம் பார்த்துவிட்டேன். நானும் முதல் வருஷம் அப்படித்தான் ஊற்றினேன், அதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை.

அத்தையின் சொம்பு

சரி, கேஎச் ஏன் ஏறியது? முதல் சந்தேகம் அத்தை மேல் விழுந்தது. தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்பது தெரிந்ததுதான். காயப்போட்ட துணி அரை மணியில் காயும், தோல் வெடிக்கும். மூடியில்லாத தொட்டி ஜன்னலோரம் இருந்தால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஆவியாகிப் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, கரைந்த உப்பு முழுக்க உள்ளேயே தங்கும். மட்டம் இறங்கினால் அத்தைக்குப் பொறுக்காது. மகன் கோவை போன பிறகு சமையலறைக் குழாயில், அதாவது போர் தண்ணீரில், ஒரு சொம்பு பிடித்துத் தினமும் ஊற்றிவிடுவார்.

“தண்ணி கொறஞ்சு மீனு தவிக்குமேன்னுதான் ஊத்துனேன் கண்ணு. அப்ப நாந்தான் கொன்னேனா?”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அத்தை என்றேன். வாரத்துக்கு அஞ்சரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், கேஎச் 12 உள்ள போர் தண்ணீர் 54 லிட்டரில் சேர்ப்பது வாரத்துக்கு 1.2 டிகிரி. வாரக் கடைசியில் 20 லிட்டரை 2 டிகிரி தண்ணீரால் மாற்றுகிறான். ஏற்றமும் இறக்கமும் சமமாகி நிற்கும் இடம் 5 டிகிரியைச் சற்றே தாண்டியது. போர் தண்ணீரின் ஜிஎச் 20, அதே கணக்கில் ஜிஎச் ஏழரையில் நிற்கும். அளந்ததோ கேஎச் 10, ஜிஎச் 12. அத்தையின் சொம்பு ஜிஎச்சுக்கும் கேஎச்சுக்கும் நடுவே இருந்த 2 டிகிரி வித்தியாசத்தை விளக்கியது. இரண்டிலும் சமமாக மீதியிருந்த நாலரை, அஞ்சு டிகிரியை விளக்கவில்லை.

எனக்கு உறைத்தது அந்தச் சமம்தான். ஜிஎச் என்பது கால்சியமும் மக்னீசியமும், கேஎச் என்பது பைகார்பனேட். ஒன்று மட்டும் ஏறினால் காரணம் வேறு: ஆப்பசோடா போட்டால் கேஎச் மட்டும் ஏறும், ஜிப்சம் கரைந்தால் ஜிஎச் மட்டும் ஏறும். இரண்டும் கைகோத்து ஒரே அளவு ஏறினால் எங்கேயோ கால்சியம் கார்பனேட் கரைகிறது என்று அர்த்தம்.

சந்தேகத்தை முடித்துக்கொள்ள அஞ்சு வாரம் காத்திருந்தோம். போர் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. ஆவியாவதற்கு ஈடாக வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீர், வாராவாரம் பழையபடி 20 லிட்டர் சிறுவாணி. கேஸை 30 மில்லிகிராமுக்குக் குறைத்துவிட்டோம். பிப்ரவரி கடைசியில் அளந்தால் கேஎச் 7, ஜிஎச் 7. அந்த 2 டிகிரி வித்தியாசம் போய்விட்டது, அதோடு அத்தையின் பங்கும் போனது. 2-இல் நிற்க வேண்டிய தண்ணீர் 7-இல் நிற்கிறது. உள்ளே கல்லைத் தவிர வேறெதுவும் இல்லை.

வெங்கச்சங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்

“கல்லு டெஸ்ட் பண்ணிட்டுதான் போட்டேன் மச்சான். வினிகர் ஊத்துனேன், ஒண்ணும் பொங்கலை.” வாங்கியது மீன் கடையில் இல்லை, கட்டடச் சாமான் விற்கும் ஒரு யார்டில். தோட்டத்துக்குப் போடும் பொடிக்கல் என்று மூட்டையில் கொடுத்திருக்கிறார்கள். பழுப்பு, கறுப்பு, சாம்பல், நடுநடுவே வெள்ளை. பார்க்க ஆற்றுக்கல் மாதிரியே இருக்கும்.

அந்த வெள்ளையில்தான் விஷயம். வெள்ளைக் கல் என்றால் நம் ஊரில் யாரும் முதலில் நினைப்பது வெங்கச்சங்கல். சிறு வயதில் இரண்டை உரசி இருட்டில் நெருப்பு பார்த்திருப்போமே, அது. சுத்தமான சிலிக்கா, தண்ணீரில் கிடந்தால் பேரன் காலம் வரைக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த எல்லையில் இன்னொரு வெள்ளைக் கல்லும் ஏராளம். வாளையாறு மலையடிவாரத்திலும் மதுக்கரையிலும் வெட்டியெடுத்தது சுண்ணாம்புக்கல். இரண்டு ஊர்களிலும் சிமென்ட் ஆலை வந்ததே அதனால்தான். அது கடலோரத்துச் சிப்பிச் சுண்ணாம்பு போலப் பொடிப்பொடியாக இருக்காது. பூமிக்குள் வெந்து இறுகி, சர்க்கரைக் கட்டி போல் மணிமணியாகப் படிகமான கல், பளிங்கின் சொந்தக்காரன். அடித்து உடைத்து உருட்டிவிட்டால் வெங்கச்சங்கல்லுக்கும் அதற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது.

வினிகரில் ஏன் பொங்கவில்லை? வினிகர் என்பது 4, 5 சதவீத அசிட்டிக் அமிலம். இறுகிய படிகக் கல்லில், அதுவும் கலப்புக் கல் ஒரு கைப்பிடி எடுத்து டம்ளரில் ஊற்றினால், சின்னச் சின்னக் குமிழிகள் கல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சோடா பாட்டிலைத் திறந்தது போல் பொங்கும் என்று எதிர்பார்ப்பவனுக்கு அது கண்ணில் படாது. மக்னீசியம் கலந்த டோலமைட்டாக இருந்தால் இன்னும் மோசம், பொடித்தால்தான் அதில் குமிழியே வரும். அந்தக் கைப்பிடிக்குள் வெள்ளைக் கல் எத்தனை இருந்தது என்பதும் அவனுக்கு ஞாபகமில்லை.

தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வெள்ளைக் கல்லை மட்டும் பொறுக்கி, கழுவிக் காயவைத்து மூன்று சோதனை செய்தோம். முதலில் பேனாக்கத்தி. சிலவற்றில் கத்தி கீறல் போட்டு வெள்ளைத் தூள் உதிர்ந்தது. சிலவற்றில் கத்தியின் இரும்புதான் கறுப்பாகக் கல்லில் தீற்றியது. சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3, வெங்கச்சங்கல் 7, கத்தியும் கண்ணாடியும் நடுவில். அடுத்து ஒரு பழைய கண்ணாடித் துண்டு. வெங்கச்சங்கல் கீறியது, மற்றது வழுக்கியது. கடைசியாக டைல்ஸ் கழுவும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், வாசலுக்கு வெளியே, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு. கத்தி கீறிய கல்லெல்லாம் சீறிப் பொங்கியது. பிளீச்சிங் பவுடர் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், குளோரின் வாயு வந்துவிடும். பேட்டரி ஆசிட் வேண்டவே வேண்டாம். ஆபத்து ஒருபக்கம், அது கந்தக அமிலம் என்பதால் கல்மேல் ஜிப்சம் படிந்து பொங்குவதை அடக்கிவிடும், நல்ல கல் என்று ஏமாந்துபோவீர்கள்.

ஆசிட்டில் பொங்குவது சரி, வெறும் தண்ணீரில் கரையுமா? அதற்கு நாலு தண்ணீர் பாட்டில் வைத்தோம். நாலிலும் சிறுவாணித் தண்ணீர். ஒன்றில் கல் இல்லை. ஒன்றில் கலர்க் கல் மட்டும். ஒன்றில் பொங்கிய வெள்ளைக் கல், மூடி திறந்தபடி. நாலாவதில் அதே வெள்ளைக் கல், தினமும் தொட்டியின் கேஸ் குழாயை விட்டுக் குமிழியடித்து இறுக மூடியது. கடை சோடாவை வேண்டுமென்றே தவிர்த்தேன், அதில் சில சமயம் ஆப்பசோடா இருக்கும், கேஎச்சைக் கெடுத்துவிடும். ஏழாம் நாள் அளந்தபோது முதலிரண்டும் 2. மூன்றாவது 3. கேஸ் அடித்த நாலாவது 8.

மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது. சுண்ணாம்புக்கல் சும்மா தண்ணீரில் அதிகம் கரையாது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் தண்ணீரில் இருந்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே கரைவது நின்றுவிடும், அதாவது 3 டிகிரிக்கும் குறைவு. கேஸ் கரைந்த தண்ணீர் வேறு. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கல்லைப் பைகார்பனேட்டாக்கிக் கரைத்துக்கொண்டே போகும். 30 மில்லிகிராம் கேஸ் இருந்தால் கரைவது நிற்கும் எல்லை 175 மில்லிகிராம் அளவில், 10 டிகிரிக்குப் பக்கம். 75 மில்லிகிராம் கேஸ் என்றால் எல்லை 13 டிகிரிக்குத் தள்ளிப்போகும்.

அதனால்தான் இதே மூட்டைக் கல்லை கேஸ் இல்லாத தொட்டியில் போட்ட இன்னொருவர், நாலு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை என்று சத்தியம் செய்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. மச்சான் தொட்டியில் கல் கரைந்து கேஎச் ஏறியது, கேஎச் ஏறியதால் பிஎச் ஏறியது, பிஎச்சை இறக்க கேஸைத் திறந்தான், அந்தக் கேஸ் இன்னும் கல்லைக் கரைத்தது. வால்வைத் திறந்த ஒவ்வொரு முறையும் கல்லுக்குத் தீனி போட்டிருக்கிறான்.

எவ்வளவு கல் கரைந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஜனவரியில் அந்த 54 லிட்டரில், சிறுவாணித் தண்ணீரில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கரைந்திருந்தது 8 டிகிரி, எடை போட்டால் 7.7 கிராம். இரண்டு நிறப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை. அதிலும் ஒரு பங்கு அத்தையுடையது. போர் தண்ணீரை நிறுத்திய பிறகு, வாராவாரம் தண்ணீர் மாற்றியும் 7-இலேயே நிற்க, கல் வாரத்துக்கு 1.8 கிராம் கரைந்தால் போதும். 9 கிலோவில் 1.8 கிராம்.

செடிகள் முன்னாடியே சொன்னவை

டெஸ்ட் கிட்டில் அளப்பதற்கு முன்பே தொட்டியில் எழுதியிருந்தது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. மக்ராண்ட்ராவின் புதுக் கொழுந்து டிசம்பரிலேயே வெளுத்துச் சுருங்கிவிட்டது. நரம்பு பச்சை, நடுவே மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவு என்று உரம் கூட்டினான். அந்த உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைத்திருந்தது இடிடிஏ என்ற சேர்மம், அது பிஎச் 6.5-க்கு மேல் நிலைத்து நிற்காது. டிடிபிஏ என்றால் 7.5 வரை தாங்கும். பகலில் கேஸ் இருக்கும்போது பிஎச் 6.6, கேஸ் நின்று விடிவதற்குள் அதே கேஎச் 10 தண்ணீர் 8-ஐத் தொட்டிருக்கும். ஊற்றிய இரும்பு பெரும்பாலும் செடிக்குப் போகாமல் துருவாகிக் கீழே போயிருக்கும்.

பின்வரிசை வேலிஸ்னேரியா மட்டும் காடாக வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் தொட்டி நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பினோம். வேலிஸ்னேரியா கேஸ் இல்லாவிட்டால் பைகார்பனேட்டையே உடைத்துக் கார்பன் எடுத்துக்கொள்ளும் ஜாதி. மக்ராண்ட்ராவுக்கும் பாசிக்கும் அந்த வித்தை தெரியாது. வேலிஸ்னேரியாவின் பழைய இலையை விரலால் தடவினால் மணல் காகிதம் மாதிரி சொரசொரப்பு. இலை பைகார்பனேட்டை எடுக்கும்போது வெளியே படிந்த சுண்ணாம்பு அது. கூடவே ஒட்டிவந்த நத்தைகளின் ஓடு ஒரு பொத்தலும் இல்லாமல் கடைந்தெடுத்தது போல இருந்தது. 2 டிகிரித் தண்ணீரில் நத்தை ஓடு வெளுத்து அரிக்கத்தான் வேண்டும்.

முறத்தில் பொறுக்கியது

என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிஎச் இறக்கும் மருந்து விடு என்றார் ஒருவர். கீழே சுண்ணாம்புக்கல்லை வைத்துக்கொண்டு மேலே அமிலம் விட்டால் அமிலம் கல்லைக் கரைத்துத் தீரும், மறுநாள் பிஎச் பழைய இடத்துக்கு வரும், கேஎச் இன்னும் ஏறியிருக்கும். பாஸ்பாரிக் அமில மருந்தாக இருந்தால் பாஸ்பேட் வேறு சேரும். நாட்டுப் பாதாம் இலை போடு என்பதும் கொஞ்சம் மெதுவான அதே கதை. முழுக்க ஆர்ஓ தண்ணீர் மாற்றினால்? மெல்லிய தண்ணீருக்குக் கல்லைக் கரைக்கும் பசி அதிகம். மேலே சுட்ட களிமண் உருண்டை போட்டு மூடிவிடலாம் என்றான் மச்சான். அந்த மண் கால்சியத்தைப் பிடித்து கேஎச்சை இறக்கும், உண்மைதான். ஆனால் அதன் கொள்ளளவு தீரும், கீழே உள்ள கல் தீராது. ஆசிட்டில் ஊறவைத்தால் மேல்தோல் கரையும், உள்ளே அதே கல்.

காத்திருந்தால் கரைந்து தீர்ந்துவிடாதா என்றும் கேட்டான். தொட்டியைப் பிரித்து எடை போட்டபோது சுண்ணாம்புக்கல் 800 கிராம் தேறியது. வாரத்துக்கு 1.8 கிராம் வீதம் எட்டு வருஷத்துக்கு மேல்.

ஆக, பிரிப்பதுதான் வழி. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு பக்கெட்டுக்கு மாற்றி, கல் முழுவதையும் அள்ளி முற்றத்தில் பரப்பினோம். நானும் மச்சானும் ஒவ்வொரு வெள்ளைக் கல்லையும் கத்தியால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் வரை ஒரு கிலோகூட முடியவில்லை.

அத்தை முறத்தோடு வந்து உட்கார்ந்தார். ரெண்டு கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இது பளபளன்னு இருக்குது, இது உப்புக்கல்லாட்டம் மங்கிப் போயிருக்குது. இதுக்கு எதுக்குக் கத்தி?” உண்மைதான். செப்டம்பரில் ஒரே மாதிரி இருந்த இரண்டு வெள்ளையும் ஆறு மாதத்தில் தனித்தனியாகிவிட்டன. வெங்கச்சங்கல் வழவழப்பு மாறாமல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லின் முனைகள் மழுங்கி, மேலே ஊசி குத்தினாற்போல் பொடிக் குழிகள். நகத்தால் வருடினாலே தெரியும். நாங்கள் ஆசிட் பாட்டிலும் கண்ணாடித் துண்டுமாக அலைந்த விஷயத்தை, அரிசியில் கல் பொறுக்கிய கண் ஒரு நொடியில் பிடித்துவிட்டது. முறத்தைத் தட்டித் தட்டி, சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவர் ஒதுக்கியதில் இருபது கல்லை எடுத்து ஆசிட் விட்டுப் பார்த்தேன். பத்தொன்பது பொங்கியது.

குறைந்த கல்லுக்கு ஈடாக வாட்டர் ஃபில்டருக்குள் போடும் சிலிக்கா மணல் ஒரு கிலோ. ஆற்று மணல் பக்கம் போகவில்லை, பாரதப்புழையில் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2001-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. மச்சானுக்கு அடியில் வெட்டுக்கல் பொடி போட ஆசை. அதில் தப்பில்லை, இரும்புக்கு நல்லது. மழை கால்சியத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகு மிஞ்சும் கல் அது, கேஎச் ஏற்றாது. லேட்டரைட் என்று அதற்குப் பெயர் வைத்ததே புக்கானன், 1807-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத அங்காடிப்புறத்துக் கல்லைப் பார்த்துத்தான். ஒரு பிடி மட்டும் அடியில் தூவினோம்.

டிராப் செக்கருக்குக் கரைசலையும் வீட்டிலேயே செய்தோம். 1.2 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 0.12 கிராம். அதுதான் கேஎச் 4. நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து கேஎச் 3, ஜிஎச் 3. ஏப்ரல் நடுவில் 10 மில்லி தண்ணீர் எடுத்து அரை டிகிரி துல்லியமாக அளந்தபோது இரண்டரை. அந்த அரை டிகிரி, அத்தையின் முறத்துக்கும் தப்பிய கற்களாக இருக்கலாம். இந்தத் தண்ணீரில் 30 மில்லிகிராம் கேஸ் இருந்தால் பிஎச் 6.4 காட்டும், காட்டுகிறது. குமிழி விநாடிக்கு ஒன்றுக்கும் கீழே. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை இன்னும் இருக்கிறது, சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் “ஞாயிறு: கேஎச்” என்று பேனாவில் எழுதியிருக்கிறான்.

மக்ராண்ட்ராவில் புதுச் சிவப்பு வந்துவிட்டது. அதற்குக் கேஎச் இறங்கியது காரணமா, டிடிபிஏ இரும்புக்கு மாறியது காரணமா, அடியில் தூவிய வெட்டுக்கல்லா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டோம். வேலிஸ்னேரியாவின் சொரசொரப்பு போய்விட்டது, வளர்ச்சியும் கொஞ்சம் மட்டுப்பட்டது.

ஒதுக்கிய 800 கிராம் கல்லை அத்தை தூர எறியவில்லை. முற்றத்துச் சிமென்ட் தொட்டியில், போர் தண்ணீரில் மோலி மீன் வளர்க்கிறார். மோலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். கல் இப்போது அதன் அடியில் கிடக்கிறது. மட்டம் இறங்கினால் சொம்பால் ஊற்றுகிறார்.